கோடு விழும் இயந்திரம்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள்
பெரும்பாலும் தங்களையே கொண்டுவருவார்கள்:
அடையாள அட்டை, முன்னும் பின்னும், இருபது சென்.
பிறப்புச் சான்று. இறப்புச் சான்று.
வாடகை ஒப்பந்தத்தின் கையெழுத்துப் பக்கம் மட்டும்.
மூடியைத் தூக்குவேன், கவிழ்த்து வைப்பேன், மூடுவேன்.
பதினோரு வருடம், ஒரு தாளையும் வாசித்ததில்லை.

மார்ச்சில் உருளையில் கீறல் விழுந்தது.
அன்றிலிருந்து எல்லார் முகத்திலும்
நெற்றியில் தொடங்கித் தாடைவரை
ஒரு கறுப்புக் கோடு.
குடிநுழைவு இலாகாவில் திருப்பி அனுப்புகிறார்களாம்.
என்னைத்தான் திட்டினார்கள்.
பழுது பார்க்கும் ஆ கியோங் "வியாழன் வரேன்" என்றான்,
எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

அந்த நாள்களில்தான் ஹுவேய் ஷின் வந்தாள்,
கடையடைக்கப் பத்து நிமிடம் இருக்கையில்,
பிளாஸ்டிக் பையில் பாதிப் பலாத்தோலோடு.
இதை நகலெடுக்க முடியுமா?
கண்ணாடி பிசுபிசுக்கும் என்றேன்.
துடைக்கத் துணியும் கொண்டுவந்திருந்தாள்.

விளக்கு நகர்கையில் அவளும் தோலை நகர்த்தினாள்,
வெளிச்சத்தின் போக்கிலேயே, மெல்ல,
பிறகு சட்டென்று எதிர்ப்பக்கம்.
வெளியே வந்த தாளில் பலா இல்லை.
சரிந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிட்ட
ஒரு மலை இருந்தது.
அதன் குறுக்கே மின்கம்பிபோல் என் கோடு.

"இந்தக் கோட்டை எப்படிப் போட்டீங்க?"

கிண்டல் இல்லை, கண் தாளிலேயே இருந்தது.
பழுது, என்றேன்.
அப்படியே இருக்கட்டும் என்று
முந்நூறு தாளுக்கு முன்பணம் வைத்தாள்.

அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும்.
நனைந்த குடை. மீன்வலை.
சுடச்சுட ஒரு ரொட்டி சானாய்,
கண்ணாடியில் ஆவி படிந்து
தாளில் நிலவாக வந்தது.
கனத்த தாளில் கறுப்பு சரியாக ஒட்டாது, உதிரும்,
என்று நான் எச்சரித்தேன்.
அதுதான் வேண்டும் என்றாள்.

ஒரு ஞாயிறு கூப்பிட்டாள், போனேன்:
கம்போங் அட்டாப்பில் பழைய கட்டடம், இரண்டாம் மாடி,
மேசை மேசையாய்ப் படங்கள், என் மகள் வயதுப் பிள்ளைகள்.
எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது தெரியாமல்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

செந்தூல் லோகேஸ்வரி
தன் அடுக்குமாடி மின்தூக்கிக்குள் நின்றே வரைகிறாள்.
பதினேழு மாடிக்கும் ஒரே கோடு.
அது குலுங்கும் இடத்தில் கோடும் குலுங்குகிறது.
ஒன்பதாம் மாடியில் ஒரு பெரிய மைப்பொட்டு:
அங்கே நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாளாம்.

ரிட்சுவான் வரைவது பேரங்காடி ரசீதில், சூடான கரண்டியால்.
ஆறு மாதத்தில் மறைந்துவிடும் என்று
விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறான்.
பதினைந்து ரிங்கிட்டுக்கு ஒரு பூனை வாங்கினேன்.
மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு
வெயிலில் நிறுத்தியிருந்தேன்.
வீட்டில் எடுத்தால் ரசீது முழுக்கக் கறுப்பு.
இருட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.
மனைவி நம்பவில்லை.

ஹுவேய் ஷின் மேசையில் நான் அச்சடித்த அதே தாள்கள்
புத்தகமாக, சிவப்பு நூலில்.
ஏழாம் பக்கத்து ஓரத்தில் ஒரு கட்டைவிரல்.
மூடி விழாமல் பிடித்த என் விரல்தான்.
யாரோ ஒரு பெண் குனிந்து பார்த்து
இது எந்தத் தீவு என்று தோழியைக் கேட்டாள்.
நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

ஒரு வழியாக வியாழன் வந்தது.
ஆ கியோங் புது உருளை மாட்டினான்.
முகங்கள் சுத்தமாக வந்தன, யாரும் திட்டவில்லை.
பழையதைக் கொடுத்தால் நாற்பது ரிங்கிட் கழிவு.

வேண்டாம் என்றேன்.
ஒரு மாதிரியாகப் பார்த்தான்.
வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று
கறுப்புப் பையில் சுற்றி
மேசைக்கடியில் வைத்திருக்கிறேன்.
கழற்றி மாட்ட இரண்டு திருகாணிதான்,
அவன் செய்தபோது பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய் சாயங்காலம்
கொஞ்சம் முன்னாலேயே மாட்ட வேண்டும்.